விதைநெல்லைக் குத்தலாமா?

கமக்காரருக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் விதைக்கென்று கட்டி வைத்த மூட்டையில் கை வைப்பதில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் பானை சட்டியை விட்டுவிட்டு விதைநெல்லைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்களை நாம் அறிவோம். பின்னர் நிவாரணம் தாமதித்த கிழமைகளில் அந்த மூட்டையையும் அவிழ்த்துக் குத்தி உலையில் போட்டு, வீட்டில் ஒருவரோடொருவர் பேசாமல் சாப்பிட்டதையும் அறிவோம்.

இதே விடயத்தை யேர்மனி நாட்டு மூதாட்டி ஒருவர் ஒரு படமாக ஆக்கினார். 1941ஆம் ஆண்டு முடிந்து 1942 பிறக்கும் வேளை அது. இட்லரின் படைகள் ருஷ்யாவுக்குள் நுழைந்து, யேர்மனியின் வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அப்போது வயது 74. படத்தில் ஒரு முதிய தாய் இருக்கிறாள். அகன்ற இரு கைகளையும் கூரைபோல் விரித்து, தன் மேலங்கிக்குள் மூன்று பையன்களை மூடிப் பிடித்திருக்கிறாள். பையன்களோ அவளுடைய கைக்குக் கீழால் எட்டி வெளியே பார்க்கிறார்கள். அவர்களுக்கு வெளியே ஓடவேண்டும். விதைத் தானியம் அரைபடக் கூடாது என்பதே அப்படத்தின் பெயர். அவர் செய்த கடைசிக் கல்லச்சுப் படம் அதுதான்.

அவருடைய பெயர் கேத்தே கொல்விற்ஸ். அவருடைய வாழ்க்கையையும், போரில் அகப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றையும் இந்த இதழில் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். ஒன்று படம், மற்றது ஆய்வு. ஆனாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

கமத்தை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள்

கேத்தே 1867இல், அன்று கிழக்குப் பிரஷ்யாவின் தலைநகராக இருந்த கோனிக்ஸ்பேர்க்கில் பிறந்தார். 1891இல் கார்ல் கொல்விற்ஸ் என்ற வைத்தியரை மணந்து பேர்லினில் ஒரு தொழிலாளர் பகுதியில் குடியேறினார். அந்தக் காலத்தில் கிழக்கு மாகாணங்களின் கிராமங்களில் வாழ வழியற்ற குடும்பங்கள் கூட்டங் கூட்டமாகப் பேர்லினுக்கு வந்துகொண்டிருந்தன. ஆண்கள் தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். பெண்கள் வீட்டிலிருந்தே கூலிக்குத் தைத்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு குடும்பம். கார்ல் இந்த எளிய மக்களின் வைத்தியர். அவரிடம் மருந்துக்கு வந்த பெண்கள், மருந்து வாங்கிய பின்பு அடுத்த அறையிலிருந்த கேத்தேயிடம் தங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். வேலையில்லாத கணவன், குடி, அடி, செத்துப்போன குழந்தை. அவருடைய படங்களில் வரும் முகங்கள் பெரும்பாலும் இந்தப் பெண்களின் முகங்கள்.

அவர் சாயம் தீட்டும் ஓவியத்தை விட்டு அச்சுப்படத்தைத் தெரிந்துகொண்டார். சாயத்தில் தீட்டிய ஓவியம் ஒன்றே ஒன்று. அது காசுள்ள ஒருவரின் சுவரில் போய் நின்றுவிடும். அச்சுப்படத்தை நூறு பிரதி, ஆயிரம் பிரதி எடுக்கலாம். தொழிலாளியும் ஒன்றை வாங்கி வீட்டில் ஒட்டலாம். அச்சுப்படத்தில் மூன்று வகையை அவர் கையாண்டார். செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்து, அந்தக் கீறலுக்குள் மையை இறக்கி எடுப்பது ஒன்று. வழுவழுப்பான கல்லில் கொழுப்புள்ள குச்சியால் வரைந்து எடுக்கும் கல்லச்சு இன்னொன்று. சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாததுபோல, நனைத்த கல்லில் எண்ணெய் மை ஒட்டாது, வரைந்த கோட்டில் மட்டும் ஒட்டும். மூன்றாவது மரக்கட்டை அச்சு. கட்டையில் வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகும், விட்ட இடம் கறுப்பாகும். சேலைக்கு அச்சுக் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் தொகுதி, 1844இல் சைலீசியா என்ற பகுதியில் கூலி குறைப்பை எதிர்த்து எழுந்த நெசவாளரைப் பற்றியது. 1898இல் பேர்லின் கண்காட்சியில் அதற்குப் பொற்பதக்கம் வழங்கும்படி நடுவர்கள் சிபாரிசு செய்தார்கள். சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். 1906இல் வீட்டிலிருந்து கூலிவேலை செய்யும் பெண்களுக்காக நடந்த கண்காட்சிக்கு, களைத்துப்போன ஒரு பெண்ணின் முகத்தை அவர் சுவரொட்டியாக வரைந்து கொடுத்தார். அதை அகற்றினால்தான் வருவேன் என்று சக்கரவர்த்தினி நின்றாராம். ஒரு களைத்த முகத்தைப் பார்க்க அரண்மனைக்கு இருந்த பயத்தை இதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

எமது வாசகர்கள் நின்று பார்க்கவேண்டியது அடுத்த தொகுதியை. யேர்மனியில் 1524, 1525ஆம் ஆண்டுகளில் கமக்காரர் தம் பிரபுக்களுக்கு எதிராக எழுந்து நசுக்கப்பட்டார்கள். அதை 1902 முதல் 1908 வரை ஏழு படங்களாகச் செய்தார். முதற் படத்தில் கலப்பையை இழுப்பது மாடல்ல. இரண்டு மனிதர் நெஞ்சுக்குக் குறுக்கே வாரைப் போட்டு, முகம் மண்ணில் முட்டும் அளவுக்குக் குனிந்து இழுக்கிறார்கள். வானம் அவர்களின் முதுகில் கிடப்பதுபோல் இருக்கிறது. மாடு பறிபோன கமக்காரருக்கு அந்த முதுகின் நோவு தெரியும். ஆறாவது படத்தில் இரவு. சண்டை முடிந்த வயலில் ஒரு தாய் விளக்கோடு குனிந்து பிரேதங்களுக்குள் தன் பிள்ளையைத் தேடுகிறாள். வெளிச்சம் அவளுடைய கையிலும் இறந்த இளைஞனின் முகத்திலும் மட்டும் விழுகிறது. ஏழாவது படத்தில், கயிற்றால் கட்டி மந்தைபோல் அடைக்கப்பட்ட கைதிகள்.

இந்தத் தேடும் தாயை அவர் 1907இல் வரைந்தார். அப்போது அவருடைய இரு ஆண்பிள்ளைகளும் வீட்டில் சுகமாக இருந்தார்கள். இளையவன் பீற்றருக்கு வயது 11.

பீற்றர் போனது

1914 ஓகஸ்டில் முதலாம் உலகப் போர் தொடங்கியது. பீற்றருக்கு அப்போது 18 வயது. தானும் போகவேண்டும் என்று நின்றான். சட்டப்படி வயது நிரம்பாதபடியால் தகப்பனின் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். கேத்தேதான் மகனுக்காகப் பரிந்து பேசிக் கணவரை இணங்கச் செய்தார். நாட்டுக்காக இளையவர்கள் தம்மைக் கொடுப்பது உயர்ந்தது என்று அன்று அவரும் நம்பினார். ஒக்ரோபர் மாதம் பீற்றரின் படைப்பிரிவு பெல்ஜியத்துக்கு அனுப்பப்பட்டது. அந்த மாதம் 22ஆம் திகதி இரவு அவன் அங்கே விழுந்தான். போர்முனைக்குப் போய்ச் சில நாட்களே ஆகியிருந்தன.

அதன்பின் அவர் உடனே படம் செய்யவில்லை. செய்யத் தொடங்கினார், அழித்தார், மறுபடி தொடங்கினார். 1920இல் ஏர்ண்ஸ்ட் பார்லாக் என்ற கலைஞரின் மரக்கட்டை அச்சுக்களைப் பார்த்தபோதுதான் தான் தேடிய வழி இது என்று கண்டார். 1921, 1922இல் 'போர்' என்ற ஏழு மரக்கட்டை அச்சுக்களை வெட்டினார். அவற்றில் எங்கேயும் துவக்கு இல்லை, பீரங்கி இல்லை, எதிரி இல்லை. முதற் படத்தில் ஒரு தாய் தன் கைக்குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி வெளியே நீட்டிக் கொடுக்கிறாள். இரண்டாவதில் மரணம் பறை அடித்து முன்னே போக, வாலிபர்கள் மயங்கியவர்களாய் அதன் பின்னே போகிறார்கள். மூன்றாவதில் தாயும் தகப்பனும் முழங்காலிட்டு, ஒரே கறுப்புக் கட்டியாய் ஒருவரில் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள். ஆறாவதில் தாய்மார் வட்டமாக நின்று ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்து, நடுவில் பிள்ளைகளை மறைத்திருக்கிறார்கள்.

முதற் படத்தில் பிள்ளையைக் கொடுத்த கையும், ஆறாவதில் பிள்ளையை மறைத்த கையும் ஒரே பெண்ணின் கை. இதை அவர் தன்னைப் பற்றியே வெட்டினார் என்று நாம் எண்ணுகிறோம். பெற்றோரின் துயரத்துக்கென்று அவர் தொடங்கிய கற்சிலைகள் 1932இல்தான் பெல்ஜியத்து மயானத்தில் நிறுத்தப்பட்டன. மகன் இறந்து 18 வருடங்கள். அவன் உயிரோடு இருந்த காலமும் அவ்வளவுதான். தாய்க்குக் கேத்தேயின் முகம், தகப்பனுக்குக் கார்லின் முகம். நடுவில் பிள்ளை இல்லை.

எமது மண்ணிலும் பீற்றரைப்போல் தாமாகப் போனவர்கள் இருந்தார்கள், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் இருந்தார்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளை விடுதலைப் புலிகள் சேர்த்ததையும், 2004இன் பிளவுக்குப் பின் கிழக்கில் கருணா அணியினர் சேர்த்ததையும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் பதிவு செய்தது. பிள்ளையைக் காப்பாற்றவென்று வயது வராத மகளுக்கு அவசரமாகத் தாலி கட்டிவைத்த வீடுகளும் உண்டு. மறுபக்கத்தில், வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டு எமது வயல்களின் ஓரத்தில் காவலரண்களில் நின்ற இராணுவத்துப் பையன்களில் பலர் குருநாகலையும் மொனராகலையும் போன்ற இடங்களின் கமக்காரர் பிள்ளைகள். அவர்களின் வீட்டிலும் விதைநெல் கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. கேத்தேக்கு மகனின் கல்லறையாவது இருந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாருக்கு அதுவும் இல்லை.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் கேத்தே கலைக் கழகத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவருடைய படங்களைக் காட்சிக்கு வைப்பதும் நாளடைவில் நின்றுபோனது. 1940இல் கார்ல் இறந்தார். 1942 செப்டெம்பரில், சித்தப்பனின் பெயரையே தாங்கிய பேரன் பீற்றர் ருஷ்யாவில் விழுந்தான். 1943இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பேர்லினைவிட்டு நோட்ஹவுசன் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தார். அவர் போன பின், 52 வருடம் வாழ்ந்த வீடு நவம்பர் மாதம் எரிந்தது. படங்கள் பலவும் அதோடு போயின. மறுவருடம் மொறிற்ஸ்பேர்க்குக்கு இன்னொரு இடப்பெயர்வு. 1945 ஏப்ரல் 22இல், ஐரோப்பாவில் போர் முடிய 16 நாட்கள் இருக்கையில், பிறர் வீட்டில் இறந்தார். சொந்த வீட்டில் சாகக் கிடைக்காதவர்களில் அவரும் ஒருவர்.

பிள்ளையை எது முறிக்கிறது?

கேத்தே அந்தக் கடைசிப் படத்தைச் செய்த அதே மாதங்களில், எதிரி நாடான இங்கிலாந்தின் தலைநகரில் இரு பெண்கள் வேறொரு வேலையில் இருந்தார்கள். ஒருவர் அன்னா புரொய்ட். உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் புரொய்ட்டின் மகள். 1938இல் வியன்னாவிலிருந்து தகப்பனோடு தப்பி வந்த அகதி. மற்றவர் அமெரிக்கரான டொரத்தி பேர்லிங்ஹாம். 1941 தொடக்கத்தில் இலண்டனின் ஹம்ஸ்ரெட் பகுதியில், குண்டுவீச்சால் வீடிழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் ஒரு காப்பகம் திறந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் நித்திரை, சாப்பாடு, விளையாட்டு, பேச்சு எல்லாவற்றையும் பணியாளர்கள் சிறு அட்டைகளில் எழுதி வைத்தார்கள். போரும் பிள்ளைகளும் பற்றிய ஆய்வுகளுக்கு அந்த அட்டைகள் அத்திவாரம் ஆயின.

அதற்கு முன் நடந்ததைச் சொன்னால்தான் அவர்கள் கண்டது விளங்கும். 1939 செப்டெம்பர் முதல் மூன்று நாட்களில் இங்கிலாந்து அரசு நகரங்களிலிருந்து சுமார் 15 இலட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பியது. பெரும்பாலோர் பாடசாலைப் பிள்ளைகள். கழுத்தில் பெயரெழுதிய அட்டை, தோளில் நச்சுப்புகை முகமூடி. தாய் தகப்பன் புகைவண்டி நிலையத்தோடு நின்றுவிட்டார்கள். குண்டிலிருந்து உடம்பைக் காப்பதே நோக்கம். அந்த நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. மறு வருடம் செப்டெம்பர் 7இல் தொடங்கி 57 இரவுகள் தொடர்ந்து இலண்டனில் குண்டு விழுந்தது.

அன்னா புரொய்ட்டும் டொரத்தியும் கண்டது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. தாயோடு பதுங்குமிடத்தில் கிடந்து, குண்டுச் சத்தம் கேட்டு, வீடு இடிந்ததையும் பார்த்த சிறு பிள்ளைகள் பலர், தாய் நிதானமாக இருந்தால், பெரிதாக முறியாமல் மீண்டார்கள். தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது. ஆனால் குண்டே விழாத பாதுகாப்பான இடத்தில், தாயைப் பிரிந்திருந்த பிள்ளைகள் சாப்பாட்டை ஒதுக்கினார்கள். விட்ட பழக்கமான படுக்கையில் சலம் போவது திரும்பி வந்தது. பேசத் தொடங்கியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குடும்பம் உடையும்போதுதான் போர் ஒரு பிள்ளையின் உள்ளே நுழைகிறது என்பது அவர்களின் முடிவு.

அவர்கள் எழுதிய ஒரு சிறுவனின் கதை எமக்கு மறப்பதில்லை. நாலு வயது கடந்தவன். தகப்பன் குண்டுவீச்சில் இறந்ததை அவன் ஏற்கவில்லை. கடதாசியில் வீடு செய்வான், சிறு உருண்டைகளைக் குண்டாகப் போட்டு வீழ்த்துவான். ஆனால் அவனுடைய விளையாட்டில் எல்லாரும் தப்பிவிடுவார்கள், வீடும் திருத்தப்பட்டுவிடும். இப்படி மாதக்கணக்கில் நடந்தது. ஒருநாள் தன் அப்பா செத்துப்போனார் என்று தானே வாய்திறந்து சொன்னான். அதற்குப் பிறகு அந்த விளையாட்டு தேவைப்படவில்லை. அந்த மாதங்களில் யாரும் அவனைத் தடுக்கவில்லை, வற்புறுத்தியும் கேட்கவில்லை. எமது முகாம்களிலும் பிள்ளைகள் தடியைத் துவக்காக்கி, மண்ணில் பங்கர் வெட்டி விளையாடினார்கள். "அந்த விளையாட்டு வேண்டாம்" என்று நாம் எத்தனை பேர் அதட்டினோம்!

காப்பகத்தில் இருந்த பிள்ளைகள் நாலைந்து பேருக்கு ஒரு பணிப்பெண் என்று சிறு குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரே ஆள் குளிப்பாட்டி, ஊட்டி, நித்திரையாக்கினார். தாய்மார் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். இந்த இரண்டு மாற்றத்தோடு பேச்சிலும் பழக்கத்திலும் பின்தங்கியிருந்த பல பிள்ளைகள் முன்னேறினார்கள்.

வன்னியின் பிள்ளைகள்

குண்டு பிள்ளையைப் பாதிக்காது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் செய்து 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, நூற்றுக்கு 92 பேர் ஷெல்வீச்சு, குண்டுவீச்சு, வேண்டியவரின் மரணத்தைக் காணல் போன்ற கொடிய அனுபவம் ஒன்றையாவது கண்டிருந்தார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு நெருக்கீட்டின் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல், கண்டது திரும்பத் திரும்பக் கண்முன் வரல், அதை நினைவூட்டும் இடத்துக்குப் போக மறுத்தல் என்பன அதன் அடையாளங்கள். அத்தகைய பிள்ளைகளின் ஞாபகசக்தியும் படிப்பும் குறைகின்றன. "மொக்கு" என்று வாங்கிலே பின்னுக்கு இருத்தப்பட்ட பிள்ளைகள் சிலரின் நோய் இதுவாக இருந்திருக்கலாம்.

2008இல் வெளியான இன்னோர் ஆய்வு எம்மை மேலும் நெருக்குகிறது. வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் போரையும் சுனாமியையும் பற்றி மட்டும் கேட்காமல், வீட்டில் நடப்பதையும் கேட்டார்கள். நூற்றுக்கு 30 பேருக்கு மனவடு நோய் இருந்தது. வீட்டில் அடி, ஏச்சு போன்ற ஏதாவது ஒரு கொடுமையையேனும் அனுபவித்ததாக நூற்றுக்கு 95க்கு மேற்பட்டோர் சொன்னார்கள். தகப்பன் குடிக்கும் அளவு கூடக்கூட, குடும்பம் போரில் பட்டது கூடக்கூட, பிள்ளை மேல் விழும் அடியும் கூடியது. போரும் சுனாமியும் போலவே வீட்டு வன்முறையும் மனவடுவுக்குக் காரணமாக நின்றது.

இதை வாசிக்கும் தகப்பன்மாருக்குக் கோபம் வரலாம். காணி போய், மாடு போய், கையில் வேலையில்லாமல் தகரக் கொட்டிலுக்குள் இருந்த ஆண்மகனின் நிலையும் எமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணி செய்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று அழைத்தார். தனி ஆள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன. கிணற்றடி, கோயிலடி, சந்தை, அயல் என்று தாங்கிப் பிடித்தவை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஆனாலும் ஷெல்லை நிறுத்துவது எமது கையில் இருக்கவில்லை. பிள்ளை மேல் ஓங்கிய தடியைக் கீழே வைப்பது எமது கையில் இருக்கிறது.

வெளிநாட்டுக்குப் போகும் தாய்

பேர்லினுக்கு வந்த கிராமத்துப் பெண்களைப்போல, எமது குடும்பங்களிலிருந்தும் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். கடன், அரைகுறையாய் நிற்கும் வீடு, சீதனம் என்பனவே காரணம். 2013இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் இவ்வேலைக்குப் போவதை அரசு தடுத்தது. 2022இல், நாட்டில் டொலர் தட்டுப்பட்டபோது, அந்த எல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையின் தேவை அந்த ஒன்பது வருடத்தில் மாறிவிடவில்லை.

போன தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் வரவில்லை. போகத்தான் வேண்டுமென்றால், இலண்டன் காப்பகம் கற்றுத் தந்ததை இங்கும் கைக்கொள்ளலாம். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது களவாகப் புறப்படக் கூடாது. விழித்தெழும் பிள்ளை, நித்திரை கொண்டால் ஆட்கள் காணாமற்போவார்கள் என்று படித்துவிடும். முன்கூட்டியே சொல்லி, அழவிட்டு, விடைபெற வேண்டும். அம்மம்மாவோ சித்தியோ, ஒரே ஆள் பொறுப்பாக இருக்கவேண்டும். மாதத்துக்கு ஒரு வீடாகப் பிள்ளையை மாற்றுவது கூடாது. தாய் உடுத்த பழைய சேலை ஒன்றைப் பிள்ளையின் பாயில் விடலாம். தொலைபேசி அழைப்பு எத்தனை நிமிடம் என்பதிலும் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வருகிறதா என்பதே பெரிது.

சொல்லவும் வெட்டவும்

சுனாமிக்குப் பின் 2005இல் வடகிழக்கு முகாம் ஒன்றில் மனவடு நோயுள்ள 31 பிள்ளைகளுக்கு இரு வகைச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒரு பகுதியினர் பிறந்த நாளிலிருந்து இன்றுவரையான தங்கள் கதையை, நல்லதும் கெட்டதுமாக, ஒழுங்காகச் சொன்னார்கள். மற்றப் பகுதியினர் மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்தார்கள். இருவருக்கும் ஆறு சந்திப்புக்கள். ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது கதை சொன்னவர்களில் நூற்றுக்கு 81 பேரும், மற்றவர்களில் 71 பேரும் நோய் நீங்கியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஒன்றும் செய்யாது விட்ட பிள்ளைகளோடு ஒப்பிடவுமில்லை. ஆயினும், பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கேட்கப் பழகிய உள்ளூர் ஆளால் எவ்வளவு முடியும் என்பதை அது காட்டியது.

கதை சொல்ல வாய் வராத பிள்ளைக்குக் கை வரும். கேத்தே செய்த வேலையை எமது முன்பள்ளியிலும் மாலை வகுப்பிலும் செலவில்லாமல் செய்யலாம். சின்னப் பிள்ளைகளுக்கு வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ விழும், வாழைமட்டையை வெட்டினால் கண்ணறை விழும். அடுப்புக்கரியை மாவாக அரைத்து, தடிப்பான கஞ்சியில் குழைத்து, இரண்டு துளி சவர்க்காரத் தண்ணீர் விட்டால் மை தயார். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேய்ந்த றப்பர் சிலிப்பரின் அடியைக் கட்டையாக எடுக்கலாம். மேடுபள்ளம் இல்லாத பக்கத்தில் குமிழ்முனைப் பேனையால் அழுத்தி வரையட்டும். கூரான பிளேட்டால் வெட்டும் வேலையை மட்டும் பெரியவர் செய்யவேண்டும், பிள்ளை சொல்லும் இடத்தில். துணிப் பொட்டலத்தால் மையை ஒற்றி, கடதாசியை மேலே வைத்து, கரண்டியின் பின்புறத்தால் வட்டமாகத் தேய்த்தால் படம் விழும். எழுத்து வெட்டினால் தலைமாறி விழும் என்பதை முதலே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை ஏமாந்துபோகும்.

இன்னதை வரை என்று தலைப்புக் கொடுக்க வேண்டாம். சண்டையை வரையச் சொல்லவும் வேண்டாம், வரைந்தால் தடுக்கவும் வேண்டாம். "இது என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். படத்துக்குப் புள்ளி போடுவது, பரிசு கொடுப்பது, வருகிற விருந்தினருக்குக் காட்டவென்று சுவரில் ஒட்டுவது எதுவும் கூடாது. அது பிள்ளையின் சொத்து. மாதக்கணக்கில் நித்திரையில்லாத, சாப்பிடாத, சாக வேண்டும் என்று பேசுகிற பிள்ளைக்குப் படம் போதாது. அவரை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் பேசலாம்.

ஒரே அச்சைச் சில பிள்ளைகள் பத்து, இருபது தடவை குத்துவார்கள். குத்தட்டும். கடதாசி முடிந்தால் பழைய பத்திரிகைத் தாளும், தூசி தட்டிய சீமெந்துப் பையின் உட்தாளும் நன்றாக மை பிடிக்கும்.